கூரியரில் அனுப்புவதா, நேரில் போவதா: எலக்ட்ரான் நுண்ணோக்கி மையங்களை ஆய்வுக்குப் பயன்படுத்தும் வழிகள்

தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்காக நானோ துகள்கள் தயாரிக்கும் மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வளாகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடையாது. துத்தநாக ஆக்சைடோ, இலைச்சாற்றில் ஒடுக்கி எடுத்த வெள்ளியோ, எதைத் தயாரித்தாலும் அதைப் படமெடுக்க வேறொரு பல்கலைக்கழகத்தின் கருவி மையத்தைத்தான் நாட வேண்டும். அப்போது ஆய்வகத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் எங்கே கட்டணம் குறைவு, எங்கே சீக்கிரம் முடித்துத் தருவார்கள் என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்பாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாதிரியின் எந்த இடத்தைப் படமெடுப்பது என்பதை முடிவு செய்யப் போகிறவர் யார்? ஆய்வு செய்கிறவரா, அந்த மாதிரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கும் கருவி இயக்குநரா? வழிகளை ஒப்பிட இதுவே நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன்.

பரப்பை எலக்ட்ரான் கற்றையால் வருடிப் படமெடுக்கும் கருவியைச் செம் என்றும், மெல்லிய மாதிரியின் ஊடாகக் கற்றையைச் செலுத்திப் படமெடுப்பதை டெம் என்றும் ஆய்வகங்களில் சொல்கிறோம். டங்ஸ்டன் இழை பொருத்திய சாதாரணச் செம் மூன்று நானோமீட்டர் அளவுக்குப் பிரித்தறியும் என்று விவரக் குறிப்பில் இருக்கும். புல உமிழ்வுத் துப்பாக்கி கொண்ட எஃப்இ-செம் ஒரு நானோமீட்டரை நெருங்கும். 200 கிலோவோல்ட் டெம்மில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர்தான் என்றாலும், லென்சுகளின் பிறழ்ச்சி காரணமாகப் பிரிதிறன் 0.2 நானோமீட்டரைச் சுற்றி நின்றுவிடுகிறது. தங்கத்தின் 0.235 நானோமீட்டர் அணுத்தள இடைவெளியைக் கோடுகோடாகப் பார்க்க அது போதும். மேக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் பெர்லினில் முதல் கருவியை அமைத்தது 1931இல். அதற்காக ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைக்க 1986 வரை ஆனது, அதற்குள் நோல் காலமாகியிருந்தார்.

இந்தக் கருவிகளைத் துறைக்கு ஒன்றாக வாங்கி வைக்க முடியாது. விலை கோடிகளில் போகிறது. அதிர்வில்லாத தரைத்தளம், இடைவிடாத மின்சாரம், உயர் வெற்றிடம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பழகிய இயக்குநர் என்று பின்னாலேயே வரும் செலவு விலையைவிடப் பெரிய தொல்லை. இதைக் கருதித்தான் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே மண்டலக் கருவி மையங்களைத் தொடங்கியது. இன்று சைஃப் என்று அறியப்படும் அந்த மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியிலும், ஒன்று கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்திலும், உயிரியல் மாதிரிகளுக்குப் பெயர்பெற்ற ஒன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் இயங்குகின்றன. இவை தவிரச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாக நானோ மையம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், எஸ்ஆர்எம், விஐடி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள், கோவை பிஎஸ்ஜி ஆகியவையும் வெளி மாதிரிகளை ஏற்கின்றன. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி, அங்கிருந்தே முன்பதிவும் செய்யலாம். ஆக, கருவி இல்லை என்பது இப்போது உண்மையான தடை அன்று. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் தெரிவு இருக்கிறது.

மிகப் பலர் தேர்ந்தெடுப்பது கூரியர் வழி. படிவத்தை நிரப்பி, நெறியாளரிடமும் துறைத்தலைவரிடமும் கையொப்பம் வாங்கி, கட்டணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியோடு செலுத்தி, சிட்டிகைப் பொடியை எப்பென்டார்ஃப் எனும் சிறு பிளாஸ்டிக் குழாயில் போட்டு அனுப்பினால், சில வாரங்களில் படங்கள் மின்னஞ்சலில் வந்து சேரும். பயணமில்லை, விடுப்பில்லை, தங்கும் செலவில்லை. ஒரே வகைப் பொருளை ஐந்தாறு வெப்பநிலைகளில் சுட்டு எடுத்து, அதிலுள்ள படிக மணிகளின் அளவு கூடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டியவருக்கு இது முற்றிலும் தகுந்த வழி. விடை ஏறக்குறையத் தெரிந்து, அதை உறுதி செய்ய மட்டும் படம் தேவைப்படும் இடங்களில் நேரில் போவது வீண் அலைச்சல்.

விடை தெரியாத இடத்தில்தான் இந்த வழி காலை வாருகிறது. வெளி மாதிரிகள் வரிசையாகக் காத்திருக்கும்போது இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரமே ஒதுக்க முடியும். 5,000, 10,000, 25,000, 50,000 என்று உருப்பெருக்கத்தை ஏற்றி, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் நான்கைந்து படங்களை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அது அவருடைய குறையும் அன்று. படிவத்தில் 'உருவமைப்பு, ஈடாக்ஸ்' என்று இரண்டே சொற்கள் எழுதியிருக்கும்போது அவர் வேறென்ன செய்ய முடியும்? (மாதிரியிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் ஈடாக்ஸ்.) ஆனால் அப்படி வந்த படத்தில் தெரிவது மாதிரியின் இயல்பா, அந்த ஓரிடத்தின் இயல்பா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டால் இது விளங்கும். மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி கலந்த நீர்மத்தில் ஐந்து மைக்ரோலிட்டரை, மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலையான டெம் கிரிட்டில் விட்டால், 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் ஆயிரம் கோடிக்கும் மேல் அந்தத் துளியில் இருக்கும். நமக்கு வரும் நான்கு படங்களில் இருப்பவை இருநூறோ முந்நூறோ. அவற்றை அளந்து 'சராசரி அளவு 18.4 நானோமீட்டர்' என்று தசம இலக்கத்தோடு எழுதும்போது, அந்த இருநூறைத் தேர்ந்தெடுத்தவர் யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பது கட்டுரையில் எங்கும் வருவதில்லை.

தயாரிப்பு விவரங்களிலும் இதே சிக்கல் உண்டு. மின்கடத்தாப் பொடிகளில் மின்னூட்டம் தேங்கிப் படம் வெளுத்துப் போகாமலிருக்க, செம்மில் வைப்பதற்கு முன் மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்பது வழக்கம். எலும்புக்கு மாற்றாகச் செய்யப்படும் ஹைட்ராக்சிஅபடைட்டை எடுத்துக்கொள்வோம். அதில் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள அணு விகிதம் 1.67 என்று காட்டுவதுதான் ஆய்வின் உயிர்நாடி. ஈடாக்ஸில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ் கதிர்க் கோடுகளாகத் தெரியும், அவற்றைக் கே, எல், எம் என்று பிரித்துச் சொல்வார்கள். பாஸ்பரஸின் கோடு 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது, தங்கத்தின் எம் கோடு 2.12இல். ஈடாக்ஸ் உணர்வியின் பிரிதிறன் 130 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், விகிதத்தை நம்ப முடியாமல் போகும். தங்கத்துக்குப் பதிலாகக் கார்பன் பூசச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. அதேபோல் செப்பு ஆக்சைடு துகள்களை வழக்கமான செப்பு கிரிட்டில் வைத்து டெம்மில் ஈடாக்ஸ் எடுத்தால், அறிக்கையில் காணப்படும் செம்பில் எவ்வளவு துகளுடையது, எவ்வளவு கிரிட்டுடையது என்று பிரிக்கவே முடியாது. நிக்கல் கிரிட்டோ தங்க கிரிட்டோ கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு அங்கே ஆள் இருக்க வேண்டும், அல்லது படிவத்திலாவது அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு விளைவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பொருள் அறிவியல் கட்டுரைகளில் வெளியான செம் படங்களின் அடிப்பட்டையில் தெரியும் கருவி விவரத்தையும், கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதப்பட்ட கருவிப் பெயரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு அண்மையில் வெளியானது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இரண்டும் பொருந்தவில்லை என்று அது கண்டது. அவற்றில் சில மோசடிக் கட்டுரைகளாக இருக்கலாம். ஆனால் தாம் பார்த்தேயிராத கருவியின் பெயரை மூத்த மாணவரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதும் பழக்கமும் இதில் பங்கு வகித்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். கூரியர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தபட்சம் கருவியின் முழுப்பெயர், முடுக்க மின்னழுத்தம், பூச்சுப் பொருள் ஆகியவற்றை மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நேரில் போவதற்குச் செலவு கூடுதல். ஸ்லாட், அதாவது கருவியில் நமக்கென ஒதுக்கும் நேரம், கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிடைத்த நாளில் கற்றை நிலைகொள்ளவில்லை, திரவ நைட்ரஜன் வரவில்லை, மின்தடை ஏற்பட்டது என்று ஏதாவது காரணத்தால் வேலை தள்ளிப்போகவும் கூடும். அப்படியிருந்தும், தமிழகத்து ஆய்வு மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். இயக்குநரின் பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில், நூறு மின்னஞ்சல்களில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைக் கற்றுக்கொள்ளலாம்.

கண்ணாடித் தகட்டின் மேல் வளர்த்த துத்தநாக ஆக்சைடு மென்படலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படலத்தின் தடிமன் 0.3 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவோல்ட்டில் ஈடாக்ஸ் எடுத்தால் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ இரண்டு மைக்ரான் ஆழம் வரை இறங்கிவிடும். அதனால் அறிக்கையில் கண்ணாடியின் சிலிக்கானும் கால்சியமும் சோடியமும் சேர்ந்தே வரும். ஆக்சிஜனின் அளவு இருக்க வேண்டியதைவிட மிகக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி கண்ணாடியிலிருந்து வந்தது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் ஆழம் குறையும் என்பது சரிதான். ஆனால் துத்தநாகத்தின் கே கோடு 8.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருப்பதால் குறைந்த மின்னழுத்தத்தில் அது எழாது. 1.01இல் உள்ள எல் கோட்டை நம்ப வேண்டிவரும். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் சோடியம் கலந்தாலும் அதன் கோடு 1.04இல் வந்து அதன் மேலேயே படிந்துவிடும். இந்த இடியாப்பச் சிக்கலிலிருந்து மீள, படலத்தைச் சிலிக்கான் தகட்டில் வளர்த்துக் கொண்டுவருவதா, ஓரத்தை உடைத்துக் குறுக்குவெட்டில் பார்ப்பதா, சுரண்டியெடுத்த துணுக்கை டெம்மில் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அங்கேயே முடிவெடுத்துவிடலாம். கூரியரில் அனுப்பியவருக்கோ சதவீதப் பட்டியல் ஒன்றுதான் வந்து சேரும், அதுவும் அப்படியே ஆய்வேட்டில் ஏறிவிடும்.

நேரில் போகிறவர் சும்மா போகக்கூடாது. எக்ஸ் கதிர்களைச் சிதறவைத்துப் படிக அமைப்பை அறியும் எக்ஸ்ஆர்டி சோதனையின் முடிவையும், அதிலிருந்து கணக்கிட்ட படிக அளவையும், எந்தப் பிரச்சினைக்கு விடை தேடுகிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பையும் கையில் வைத்திருந்தால், இயக்குநரே ஆர்வமாகிக் கூடுதலாக இரண்டு இடங்களைப் பார்த்துத் தருவார். 'சார், முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஐந்தாறு இடங்களைச் சுற்றிப் பார்த்துவிடலாமா' என்று கேட்பதில் தவறே இல்லை. துகள்கள் காந்தத்தன்மை உள்ளவை என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரிட்டிலிருந்து பிய்ந்துபோன இரும்பு ஆக்சைடு லென்சின் காந்த முனையில் ஒட்டிக்கொண்டால், கருவியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வரை அங்கே யாருடைய வேலையும் நடக்காது. இதை மறைத்து அனுப்பும் வழக்கத்தால்தான் பல மையங்கள் காந்த மாதிரிகளை ஏற்கவே மறுக்கின்றன.

செம்மா டெம்மா என்ற குழப்பத்துக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. உருவமைப்பு, நுண்துளைகள், முறிவுப் பரப்பு, நூறு நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் ஆகியவற்றுக்கு எஃப்இ-செம் போதும். தனித்துகளின் உள்ளமைப்பு, உட்கருவும் ஓடும் உள்ள துகள்கள், படிகத்தள இடைவெளி, விளிம்பு வளைவுப் படம் ஆகியவை தேவைப்பட்டால் மட்டும் டெம்முக்குப் பணம் கட்டலாம். எல்லா மாதிரிகளுக்கும் டெம் எடுத்தால் ஆய்வேடு கனக்கும், முடிவு கனக்காது. மாலிப்டினம் டைசல்பைடு செய்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். கந்தகத்தின் கோடும் மாலிப்டினத்தின் எல் கோடும் 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒட்டியே நிற்பதால், எந்தக் கருவியில் ஈடாக்ஸ் எடுத்தாலும் விகிதத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. அங்கே தேவை, எக்ஸ் கதிர் பட்டுப் பரப்பிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்பிஎஸ் போன்ற வேறொரு முறை.

கருவியைத் தாமே இயக்கக் கற்றுக்கொள்வது மூன்றாவது வழி. பயிற்சி, கண்காணிப்பில் சில மணி நேரம், தேர்வு, பிறகு மணிக்கணக்கில் கட்டணம் என்ற முறையில் சில பெரிய நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. பெரும்பாலும் தங்கள் சொந்த மாணவர்களுக்கு மட்டும்தான். வாய்ப்புக் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவரின் கை கற்றதை மறந்துவிடும், கற்றையை நேர்ப்படுத்துவதிலேயே ஸ்லாட்டின் பாதி கழிந்துவிடும். நுண்ணோக்கியே தன் ஆய்வின் மையம் என்று இருப்பவருக்கும், அதே ஊரில் வசிப்பவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்குத் தேர்ந்த இயக்குநரின் கைதான் மேல்.

கூட்டாய்வு என்ற பெயரில் தெரிந்த பேராசிரியர் ஒருவர் மூலம் கட்டணமின்றிப் படம் எடுத்துக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. அந்தப் பேராசிரியர் படங்களை விளக்கி, ஆய்வின் போக்கையே மாற்றினால் அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருப்பது முறை. கருவி அவர் துறையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்ப்பது முறையன்று. மையத்துக்குக் கட்டணம் செலுத்தியிருந்தால் நன்றியுரையில் மையத்தின் பெயரைக் குறிப்பிட்டாலே போதும். அதைக் கட்டாயமாக்கும் மையங்களும் உண்டு. தனியார் சோதனைக்கூடங்கள் விரைவாக முடித்துத் தருவதில் பெயர்பெற்றவை. ஆனால் 'அறிக்கை' என்ற பெயரில் வேர்டு கோப்பில் ஒட்டிய ஜேபெக் படங்களை மட்டும் தருகிறவர்களிடம் ஒதுங்கியிருப்பது நல்லது. டிஃப் கோப்புகளும் டெம்முக்கு மூலத் தரவுக் கோப்புகளும் கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடலாம். கட்டுரை மதிப்பாய்வில் மூலப்படம் கேட்கும் இதழ்கள் இப்போது அதிகம்.

கல்லூரியே மேசைமேல் வைக்கும் சிறிய செம் ஒன்றை வாங்கிவிடலாமே என்ற யோசனையும் மானியம் கிடைக்கும்போதெல்லாம் வருகிறது. மகரந்தம், பூச்சியின் கால், பருத்தி இழை, உலோகத்தின் முறிவுப் பரப்பு, சிமெண்ட் ஆகியவற்றைப் பார்க்கவும், இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கவும் அது மிக நல்ல முதலீடு. தாவரவியல், நெசவு, இயந்திரவியல் துறைகள் சேர்ந்து கேட்டால் நான் ஆதரிப்பேன். ஆனால் 20 நானோமீட்டர் துகள்களைக் காட்டுவதற்காக வேதியியல் துறை கேட்டால் அது பொருந்தாது, அந்த அளவில் இத்தகைய கருவிகள் தடுமாறும். டங்ஸ்டன் இழை நூறு மணி நேர அளவில் தேய்ந்துபோகும். மாற்று இழைக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்காத கல்லூரியில், மூன்றாம் ஆண்டு அதன் மேல் துணி போர்த்தியிருக்கும்.

உயிரியல் மாதிரிகளுக்கு மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. திசுவை எடுத்த சில நிமிடங்களுக்குள் 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் இட வேண்டும், பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு, படிப்படியான ஆல்கஹால் நீர்நீக்கம். செம்முக்கு என்றால் கார்பன் டை ஆக்சைடை அதன் மாறுநிலைப் புள்ளியான 31 பாகை வெப்பத்திலும் 73 வளிமண்டல அழுத்தத்திலும் கொண்டு உலர்த்த வேண்டும். டெம்முக்கு என்றால் பிசினில் பதித்து, அல்ட்ராமைக்ரோடோமில் 70 நானோமீட்டர் அளவில் சீவ வேண்டும். இங்கே எந்த மையத்தில் நுண்ணோக்கியின் பிரிதிறன் அதிகம் என்று பார்ப்பது பயனற்றது. எங்கே நன்றாகச் சீவத் தெரிந்த தொழில்நுட்பர் இருக்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. புரத மூலக்கூறுகளின் அமைப்பைத் தேடுகிறவர்களுக்குப் பெங்களூருவில் உள்ள என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவன வளாகத்தில், மாதிரியை உறையவைத்து டெம்மில் பார்க்கும் தேசிய கிரையோ மையம் இருக்கிறது. 2017இல் வேதியியல் நோபல் பெற்ற முறை அது. ஆனால் புரதம் தனித்தனித் துகள்களாக நிற்கிறதா, கட்டியாகத் திரண்டு கிடக்கிறதா என்பதை யுரேனைல் அசிடேட் சாயமிட்டு அருகிலுள்ள சாதாரண 120 கிலோவோல்ட் டெம்மிலேயே பார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் கிரையோ ஸ்லாட்டுக்கு விண்ணப்பிப்பது, ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கும் இன்னொருவரின் நாளை வீணாக்குவதாகும்.

நடைமுறையில் வழிகளைக் கலந்து பயன்படுத்துவதே பெரும்பாலோருக்கு ஒத்துவரும். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இருந்து பத்துப் பன்னிரண்டு மாதிரிகளோடு தொடங்கும் மாணவர், முதலில் எல்லாவற்றுக்கும் எக்ஸ்ஆர்டி எடுத்து, அதில் மாறுபட்டு நிற்கும் நான்கைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு ஒருமுறை நேரில் போய் எஃப்இ-செம்மில் உட்கார வேண்டும். எந்த உருப்பெருக்கம், எந்த மின்னழுத்தம், எந்தப் பூச்சு என்பவை அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். மிச்சமுள்ளவற்றை அதே மையத்துக்கு அதே நிபந்தனைகளை எழுதிக் கூரியரில் அனுப்பலாம், அதே இயக்குநர் முன்பு பார்த்த வகைப் பொருள் என்பதால் வேலையும் எளிது. டெம் கடைசியில், ஒன்றிரண்டு மாதிரிகளுக்கு மட்டும். நெறியாளர்கள் அந்த முதல் பயணத்துக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். ஆனால் கூரியரில் வந்த பயனற்ற படங்களை மீண்டும் எடுப்பதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவில்லை.

கிளம்பும்போது தரவை அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். வைரஸ் பயத்தால் பெரும்பாலான மையங்கள் பென்டிரைவை அனுமதிப்பதில்லை, குறுந்தகட்டிலோ இணையச் சேமிப்பிலோ தருவார்கள். கருவியோடு இணைந்த கணினியின் வட்டு நிரம்பும்போது பழைய கோப்புகள் நீக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, அளவுகோல் பட்டையும் மாதிரிக் குறியீடும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே மையத்துக்கு எழுதுங்கள். இயக்குநருக்கு அந்த மாதிரி அப்போதுதான் நினைவிலிருக்கும்.